ரேடியம் நட்சத்திரம்னு வாங்கினேன், பாக்கெட்டில் ஸ்ட்ரான்சியம்னு போட்டிருக்கு. வீட்டில் வைக்கலாமா?

#1 வைகைக்கரை

பையன் ஆறாவது படிக்கிறான். ரூம் சீலிங்கில் ஒட்ட இருட்டில் ஒளிரும் நட்சத்திரம் வேணும்னு ஒரு மாசமா நச்சரிப்பு. போன வாரம் ஒரு ஃபேன்சி கடையில் வாங்கிட்டு வந்தேன். கடைக்காரர் "ரேடியம் ஐட்டம் சார், விடிய விடிய எரியும்"னார். வீட்டுக்கு வந்து பின்பக்கப் பொடி எழுத்தைப் படிச்சா "ஸ்ட்ரான்சியம் அலுமினேட்"னு போட்டிருக்கு.

நேரம் பார்த்து மச்சான் வந்திருந்தார். இயற்பியல் பட்டதாரி, எதையும் லேசில் விடமாட்டார். "ரேடியமே ஆபத்து, ஸ்ட்ரான்சியம் அதைவிட மோசம். செர்னோபில்ல காத்தோட போனது அதுதான். எலும்புக்குள்ள போய் உக்காந்துக்கும்"னு சொல்லிட்டார். வீட்டம்மா பாக்கெட்டைப் பிடுங்கி ஷூ டப்பாவில் போட்டு, டேப் சுத்தி, பரண் மேல ஏத்தியாச்சு. அஞ்சு நாளா பையன் என்கிட்ட பேசலை.

மச்சான் சொல்றது உண்மையா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 இயற்கைவழி

எதுக்கு சார் வம்பு. பேர் வாயில நுழையாத எதையும் வீட்டுக்குள்ள விடக்கூடாது. தூக்கிப் போடுங்க.

#3 சுடர்_டீச்சர்

இயற்கைவழி ஐயா, உங்க எலும்பில் இப்பவே சுமார் 0.3 கிராம் ஸ்ட்ரான்சியம் இருக்கு. அதை எங்க தூக்கிப் போடுவீங்க? 🙂

வைகைக்கரை தம்பி, உங்க மச்சான் பாதி சரி. ஒரே தெருவில் ரெண்டு முருகேசன் இருந்து, அதில் ஒருத்தர் மேல போலீஸ் கேஸ் இருந்தா மத்தவருக்கும் பொண்ணு தர யோசிப்பாங்க இல்லையா, அந்தக் கதைதான் இது.

மண்ணிலிருந்து தோண்டி எடுக்கிற ஸ்ட்ரான்சியத்தில் நாலு ஐசோடோப்பு (ஒரே தனிமம், எடை மட்டும் வேற வேற அணு) உண்டு: 84, 86, 87, 88. நாலுமே நிலையானவை, கதிர்வீச்சு கிடையாது. நூத்துக்கு 82 பங்கு 88தான். நட்சத்திரம், பட்டாசு, காந்தம் எல்லாத்திலும் போறது இந்த முருகேசன். கேஸ் உள்ளவர் ஸ்ட்ரான்சியம்-90. அவர் யுரேனியம், புளூட்டோனியம் பிளக்கும்போதுதான் பிறப்பார், அதாவது அணு உலையிலும் அணுகுண்டிலும். அரை ஆயுள், அதாவது பாதி சிதைஞ்சு போக ஆகிற காலம், கிட்டத்தட்ட 29 வருஷம். ஃபேன்சி கடைக்கு அவர் வர வழியே இல்லை.

எலும்பில் உக்காரும்ங்கிறது மட்டும் ரெண்டு பேருக்கும் பொருந்தும். தனிம அட்டவணையில் கால்சியத்துக்கு நேர் கீழ் வீடு ஸ்ட்ரான்சியம், எண் 38. கால்சியத்துக்குப் பங்காளி. முகஜாடை ஒண்ணா இருக்கிறதால உடம்பு குழம்பிப் போய் கால்சியம்னு நினைச்சே உள்ள விடும்.

#4 வைகைக்கரை

நன்றி டீச்சர். மச்சானுக்குப் படிச்சுக் காட்டினேன். "அப்போ 90 எலும்புல உக்காந்ததுக்கு ஆதாரம் இருக்கா, சும்மா தியரியா?"ன்னு கேக்கறார். (தோத்ததை ஒத்துக்கிறதா இல்லை.)

#5 சுடர்_டீச்சர்

ஆதாரம் பால்பல்லில் இருக்கு. 1950-களில் அமெரிக்காவும் ரஷ்யாவும் திறந்த வெளியில் குண்டு வெடிச்சுப் பார்த்துட்டு இருந்தாங்க. தூசி புல்லில் விழும், மாடு மேயும், பாலில் ஸ்ட்ரான்சியம்-90 வரும், குழந்தை குடிக்கும். செயின்ட் லூயிஸ் நகரத்தில் 1958-ல் டாக்டர் லூயிஸ் ரைஸ், பாரி காமனர் முதலானவங்க சேர்ந்து, விழுந்த பால்பல்லை அனுப்பச் சொல்லிப் பெற்றோர்கிட்ட கேட்டாங்க. மூணு லட்சத்துக்கும் மேல பல் வந்தது. பல் குடுத்த பிள்ளைக்கு ஒரு பொத்தான் பேட்ஜ். 1950-ல் பிறந்த பிள்ளைகளோட பல்லைவிட 1963-ல் பிறந்தவங்க பல்லில் ஸ்ட்ரான்சியம்-90 சுமார் 50 மடங்கு. வானத்திலும் கடலுக்கு அடியிலும் சோதனையை நிறுத்தும் ஒப்பந்தம் 1963-ல் வந்ததுக்கு இந்தப் பல்லும் ஒரு காரணம்.

அன்னைக்கு விழுந்ததில் இன்னைக்கு மிச்சம் இருக்கிறது கால்பங்குக்கும் குறைவுதான். 60 வருஷத்தில் ரெண்டு அரை ஆயுள் தாண்டிருச்சு.

#6 மருந்தறை_சிவகாசி

டீச்சரம்மா நல்லா சொன்னீங்க. நான் 31 வருஷம் பட்டாசு ஆலையில போர்மேன். ஸ்ட்ரான்சியம் நைட்ரேட்டை மூட்டை மூட்டையா பார்த்தவன். செவப்பு கம்பி மத்தாப்பு, தீப்பெட்டி மத்தாப்பு, வானத்துல போற பேன்சி ரகம், எதுல செவப்பு வந்தாலும் அது இதுதான். பச்சைக்கு பச்சை உப்பு, அதாவது பேரியம் நைட்ரேட். 2018-ல் சுப்ரீம் கோர்ட் பேரியத்துக்குத் தடை போட்டப்பறம் பச்சைதான் தகராறு. செவப்புக்கு ஒண்ணும் ஆகலை.

ஒரு விஷயம் சொல்றேன். செவப்பு வெறும் உப்பு போட்டா வந்துராது. எங்க ஆலையில புதுசா வந்த பையன் ஒருத்தன் மணி மருந்துல, அதாவது வானத்துல நிறமா எரியற உருண்டைக்கான கலவையில, பிவிசி பவுடர் சேர்க்க மறந்துட்டான். மேல போய் வெடிச்சுது, பார்த்தா வெளுத்த ஆரஞ்சு. ரோஸ் பவுடர் போட்ட கிழவி மாதிரி. முதலாளி என்னையப் பார்த்த பார்வை இன்னும் மறக்கலை. பிவிசி சேர்த்தாத்தான் ரத்தச் செவப்பு. ஏன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது, சேர்க்கணும்னு மட்டும் தெரியும்.

ஈரம் இன்னொரு தொல்லை. ஐப்பசி மழைக்கு மூட்டை வாய் திறந்து கிடந்தா உப்பு கட்டி தட்டிரும்.

#7 நொடிப்பைத்தியம்

அண்ணாச்சி, அந்த "ஏன்"தான் எனக்குப் பிடிச்ச பகுதி. சிவப்பு ஸ்ட்ரான்சியம் அணுவோட நிறமே இல்லை!

தனி ஸ்ட்ரான்சியம் அணு பளிச்சுன்னு விடுறது நீலம், 461 நானோமீட்டர் அலைநீளம். உங்க சிவப்பு, ஸ்ட்ரான்சியமும் குளோரினும் கொஞ்ச நேரம் கை கோத்து நிக்கிற ஒரு மூலக்கூறிலிருந்து வருது. அது சூட்டில் மட்டுமே உயிரோட இருக்கும், ஆறினா கலைஞ்சிரும். பிவிசி எரிஞ்சு குளோரின் தருது. அது இல்லைன்னா ஸ்ட்ரான்சியம் ஆக்சிஜனோட சேர்ந்துக்கும். அது ஆரஞ்சு, சூடு கூடினா வெறும் வெள்ளை. உங்க ரோஸ் பவுடர் கிழவி அதுதான்.

#8 சுடர்_டீச்சர்

அட! லேபில் சுடர் சோதனைக்கு வாட்ச் கிளாஸில் உப்பைப் போட்டு அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுக் குழைக்கச் சொல்வோமே, அதுவும் இதே வேலைதான். உப்பைக் குளோரைடா மாத்துறோம். கால்சியம் செங்கல் சிவப்பு, ஸ்ட்ரான்சியம் கருஞ்சிவப்பு. பிராக்டிகல் தேர்வில் இந்த ரெண்டையும் மாத்தி எழுதி மார்க் போனவங்க எத்தனை பேர். பங்காளிகளை அங்கேயும் பிரிச்சுப் பார்க்கிறது கஷ்டம்தான்.

#9 நொடிப்பைத்தியம்

நான் இந்தப் பேச்சுக்குள்ள வந்ததே அந்த நீலத்துக்காகத்தான். வெற்றிடக் குழாய்க்குள்ள ஸ்ட்ரான்சியம் ஆவியை விட்டு, எல்லாப் பக்கமும் நீல லேசர் அடிச்சு அணுக்களை நிறுத்துவாங்க. கண்ணாடி ஜன்னல் வழியா பார்த்தா நடுவில் மின்மினி மாதிரி ஒரு நீலப் பொட்டு மிதக்கும். அதுக்கப்புறம் இன்னும் குளிர வச்சு, லேசராலேயே பின்னின முட்டை அட்டை மாதிரி குழிகளுக்குள்ள அணுக்களை உட்கார வச்சு, 698 நானோமீட்டர் சிவப்பு லேசரால் தட்டிக் கேட்பாங்க. ஒரு நொடிக்கு சுமார் 429 லட்சம் கோடி தடவை ஆடும். அதை எண்ணினா கடிகாரம்.

யோசனை ஜப்பானின் ஹிடெதோஷி கடோரியோடது. கொலராடோவில் ஜுன் யே குழு 2015-ல் காட்டின கடிகாரம் 1,500 கோடி வருஷம் ஓடினாலும் ஒரு நொடி தப்பாது. பிரபஞ்சத்தோட வயசே அவ்வளவு இல்லை. 2022-ல் ஒரு மில்லிமீட்டர் உயர வித்தியாசத்தில் காலம் வேற வேகத்தில் ஓடுறதை அதே குழு அளந்து காட்டிச்சு. உங்க தலைக்குக் காலம் காலைவிடத் துளி வேகமா ஓடுது.

#10 உருக்குப்பட்டறை_கோவை

ஏனுங்க, வெடிக்கும் கடிகாரத்துக்கும் நடுவுல எங்க பொழப்பையும் கொஞ்சம் கேளுங்க. பட்டறையில அலுமினியம் காஸ்டிங் ஊத்தறோமுங்க. பம்பு பாடி, மோட்டார் கவர், எப்பவாச்சும் சிலிண்டர் ஹெட். அலுமினியத்துல சிலிக்கான் கலந்திருக்கும். அப்படியே ஆற விட்டா சிலிக்கான் உள்ளார தகடு தகடா கட்டிக்கும். காஸ்டிங்கை உடைச்சுப் பார்த்தா ஒடைஞ்ச கண்ணாடித்தூளாட்டம் மினுமினுங்கும். தட்டினா பொட்டுனு போயிரும்.

அப்பா காலத்துல சோடியம் போடுவாங்க. புகை, பொறி, கூடவே ஒரு பயம். போட்டு அரைமணிக்குள்ள ஊத்திரோணும், இல்லைன்னா வேகம் போயிரும். இப்ப ஸ்ட்ரான்சியம் பத்து பர்சன்ட் கலந்த அலுமினிய ராடு வருதுங்க, சாக்பீஸை விடக் கொஞ்சம் தடிமன். உலையில ஒடைச்சுப் போட்டாப் போதும். நூறு கிலோவுக்கு ஸ்ட்ரான்சியம் மட்டும் கணக்குப் பார்த்தா 15, 20 கிராம்தான். தகடெல்லாம் நாராட்டம் மாறிரும். ஒடைச்ச எடம் சாம்பல் கலர்ல பட்டுத்துணியாட்டம் இருக்கும். வேகமும் மணிக்கணக்கா நிக்குமுங்க.

ஆனா வாயு பிடிக்கறது சாஸ்தியாகும். டீகாஸ், அதாவது வாயுவை வெளிய எடுக்கறது, சரியாப் பண்ணலைன்னா உள்ளார ஊசித்துளை விழுந்து, மெஷினிங் போனப்பறம் தெரியும். போன வருசம் ஒரு லாட் முழுசும் திரும்பி வந்துது. தப்பு எங்களுதுதான், மழை நாள்ல ஈர இங்காட்டை (அலுமினியக் கட்டியை) அப்படியே உலையில போட்டுட்டோம்.

#11 பழைய_டிவி

நானும் என் பங்குக்கு. முப்பது வருஷமா டிவி மெக்கானிக். இப்ப கடையில் டிவியைவிட டீதான் அதிகம் ஓடுது.

பழைய குண்டு டிவி இருந்துச்சே, அந்த முன்பக்கக் கண்ணாடியில் ஸ்ட்ரான்சியம் ஆக்சைடு உண்டு, சுமார் 8 சதவீதம். பிக்சர் டியூபுக்குள்ள 25,000 வோல்ட் ஓடும். எலக்ட்ரான் வந்து மோதற இடத்தில் எக்ஸ்-ரே கிளம்பும். அது வீட்டில் உக்காந்து பார்க்கிறவங்க மேல வராம கண்ணாடியே குடிச்சிரணும். ஈயம் போட்டா நல்லாத் தடுக்கும், ஆனா நாள்பட முன்கண்ணாடி பழுப்பேறிரும். அதனால ஈயம் பின்பக்கப் புனலுக்கு, ஸ்ட்ரான்சியமும் பேரியமும் முன்னுக்கு. ஒரு காலத்தில் அமெரிக்காவில் செலவான ஸ்ட்ரான்சியத்தில் முக்கால்வாசி டிவி கண்ணாடிக்கே போச்சாம். எல்சிடி வந்தது, என் தொழிலும் போச்சு, ஸ்ட்ரான்சியத்தோட தொழிலும் போச்சு.

ஸ்பீக்கருக்குப் பின்னாடி கறுப்பா வளையக் காந்தம் இருக்கும் பாருங்க, பெரும்பாலும் அது ஸ்ட்ரான்சியம் ஃபெரைட். இரும்பு ஆக்சைடும் ஸ்ட்ரான்சியம் கார்பனேட்டும் சேர்த்துச் சூளையில் வேக வச்சது. கீழ போட்டா ஓடு மாதிரி உடையும். உள்ளூர் ரேடியோ ரிப்பேர்காரன் எவனைக் கேட்டாலும் அதை ஒரு தடவையாவது உடைச்சிருப்பான்.

#12 வைகைக்கரை

யப்பா, நான் நட்சத்திரத்தைக் கேட்டேன், நீங்க வானத்தையே காட்டறீங்க. மச்சான் உன்னிப்பா படிச்சிட்டு இருக்கார். ஒண்ணும் சொல்லலை.

#13 தேம்ஸ்_யாழ்

வணக்கம் எல்லாருக்கும். நான் லண்டனில இருக்கிறன், சொந்த ஊர் யாழ்ப்பாணம். உந்தப் பங்காளிக் கதையை வாசிக்க அம்மாவின்ர ஞாபகம் வந்திட்டுது.

அம்மாவுக்கு எலும்புத் தேய்வு எண்டு ஸ்ட்ரான்சியம் ரனலேட் குடுத்தவை. மஞ்சள் தூள், தண்ணியில கரைச்சுப் படுக்கப் போகேக்க குடிக்கோணும். சாப்பிட்டு ரெண்டு மணித்தியாலம் போகோணும், பால் கூடவே கூடாது எண்டு சொன்னவை. அம்மாவுக்கோ இரவில பால் குடிக்காட்டி நித்திரை வராது. பால் எலும்புக்கு நல்லது எண்டுதானே சொல்லுறியள், பிறகேன் மறிக்கிறியள் எண்டு ஒவ்வொரு நாளும் சண்டை. இப்பதான் விளங்குது: கால்சியம் வந்தா ஸ்ட்ரான்சியத்துக்கு உள்ள போக இடம் கிடைக்காது, ரெண்டுக்கும் ஒரே வாசல்.

ஒரு வருசத்தால ஸ்கான் எடுக்க, எலும்பு அடர்த்தி நல்லாக் கூடியிருந்துது. வீட்டில கேக் வெட்டாத குறை. பிறகு டொக்டர் ஆறுதலா விளங்கப்படுத்தினவர்: ஸ்ட்ரான்சியம் கால்சியத்தை விடப் பாரமான அணு, எக்ஸ்-ரேயைக் கூடுதலா மறிக்கும், அதால மெஷின் கூட்டிக் காட்டும், எல்லாத்தையும் நம்பாதேங்கோ எண்டு. 2013, 2014-ல மாரடைப்பு அபாயம் எண்டு ஐரோப்பாவில கட்டுப்பாடு போட்டவை. அம்மாவுக்குப் பிரஷரும் இருந்ததால உடன நிப்பாட்டினம். 2017-ல கம்பனியே மருந்தைக் கைவிட்டிட்டுது.

#14 பல்_வைத்தியர்

சின்ன சேர்க்கை. பல் கூச்சத்துக்கு வந்த முதல் பிரபலமான பேஸ்ட், 1961-ல் வந்த சென்சோடைன், ஸ்ட்ரான்சியம் குளோரைடு போட்டதுதான். ஈறு இறங்கினா பல்லின் உள்ளடுக்கில் இருக்கும் நுண்துளைகள் வெளியே தெரியும், ஐஸ் தண்ணி பட்டா சுரீர்னு ஏறும். அந்தத் துளைகளை அடைக்க அது போனது. ஆனா ஃபுளோரைடோட ஒத்துப் போகாது, ரெண்டும் சேர்ந்து கரையாத உப்பா மாறிரும். அதனால இப்ப பெரும்பாலும் பொட்டாசியம் நைட்ரேட். சிவகாசிக்காரங்க வெடியுப்புன்னு சொல்றதும் அதைத்தான். நோயாளிகிட்ட நான் இதைச் சொல்றதில்லை.

#15 மருந்தறை_சிவகாசி

டாக்டர், நான் முப்பது வருஷமா அதைச் சுவாசிச்சேன், பல் என்னமோ போயிருச்சு 😀

#16 காரை_கல்

திருச்சி பக்கத்து ஆள், படிச்சது மண்ணியல். இவ்வளவு பேசிட்டு நம்ம ஊரை விட்டுட்டீங்களே. உத்தத்தூர், காரைப் பக்கம் போனா செடிகூட முளைக்காத களிமண் மேடுகள், மழை அறுத்த ஓடைகள். சுமார் 10 கோடி வருஷத்துக்கு முந்தைய கடலடி. அந்தக் களிமண்ணில் ஜிப்சம் நரம்பு நரம்பா ஓடும். கூடவே சில இடத்தில் செலஸ்டைட், அதாவது ஸ்ட்ரான்சியம் சல்பேட்.

மாணவனா போனப்போ எங்க பேராசிரியர் ரெண்டு வெள்ளைக் கல்லைக் கையில் குடுத்து எது எதுன்னு கேட்டார். கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். முழிச்சேன். "கண்ணை மூடிட்டுத் தூக்கிப் பாரு"ன்னார். ஒண்ணு பஞ்சு மாதிரி. இன்னொண்ணு கையைக் கீழே இழுத்தது, அதே அளவுக்கு முக்கால் மடங்கு கூடுதல் எடை. நகத்தால் கீறினா ஜிப்சத்தில் கோடு விழும், இதில் விழாது. அன்னைக்கு ஸ்ட்ரான்சியம்ங்கிற பேர் எனக்குப் புத்தகத்திலிருந்து கைக்கு வந்தது.

செலஸ்டைட்ங்கிற பேரே வானத்திலிருந்து வந்தது, மடகாஸ்கர் கல்லைப் பார்த்தா தெரியும், அப்படி ஒரு இளநீலம். தனிமத்தோட பேர் ஸ்காட்லாந்தில் ஸ்ட்ரான்ஷியன்னு ஒரு சின்ன ஈயச் சுரங்கக் கிராமத்தோடது. 1790 வாக்கில் அங்க வந்த கல் புதுசுன்னு கண்டுபிடிச்சாங்க, 1808-ல் ஹம்ப்ரி டேவிங்கிற விஞ்ஞானி மின்சாரம் விட்டு உலோகத்தைப் பிரிச்சார். இதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கும். பாடப்புத்தகத்தில் இல்லாதது ஒண்ணு: 19-ம் நூற்றாண்டில் ஸ்ட்ரான்சியத்தைத் தோண்டினது சர்க்கரைக்காக! ஜெர்மனியில் பீட்ரூட் சர்க்கரை ஆலை மொலாசஸில் (கழிவுப்பாகில்) படியாம தங்கிப்போன சர்க்கரையை, ஸ்ட்ரான்சியம் ஹைட்ராக்சைடு போட்டுப் பிடிச்சு வெளியே எடுத்தாங்க. அதுக்காக வெஸ்ட்ஃபாலியாவில் விவசாயி நிலமெல்லாம் சுரங்கமாச்சு. அப்புறம் இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரிலிருந்து செலஸ்டைட் மலிவா வந்திறங்கவும் அந்தச் சுரங்கமெல்லாம் படுத்துருச்சு.

#17 இயற்கைவழி

எல்லாம் சரி. ஆனா அந்த 90-ஐ யாரும் வெளிய விட்டதே இல்லையா?

#18 நொடிப்பைத்தியம்

நியாயமான கேள்வி, பூசி மெழுக வேணாம். ஸ்ட்ரான்சியம்-90 சிதையும்போது வர்ற சூட்டில் மின்சாரம் எடுத்து, ஆள் போக முடியாத ஆர்க்டிக் கலங்கரை விளக்கங்களை சோவியத் ரஷ்யா ஓட்டிச்சு. 2001 டிசம்பரில் ஜார்ஜியா நாட்டு லியா கிராமத்துப் பக்கம், விறகுக்குப் போன மூணு பேர் காட்டில் ரெண்டு உலோக உருளையைப் பார்த்தாங்க. சுத்தி பனி உருகி நிலம் காஞ்சு கிடந்தது. கடுங்குளிர். ராத்திரி அதுக்கு முதுகைக் குடுத்துப் படுத்தாங்க. சில மணி நேரத்திலேயே வாந்தி. முதுகுத்தோல் வெந்து போச்சு, ஒருத்தர் 2004-ல் இறந்தார். அதை மீட்கப் போனவங்க யாரும் 40 விநாடிக்கு மேல பக்கத்தில் நிற்கலை.

எலும்பில் போய் உட்கார்ற அதே குணத்தை வைத்தியத்துக்கும் பயன்படுத்தறோம். புற்றுநோய் எலும்புக்குப் பரவினா வலி தாங்காது. 50 நாள் அரை ஆயுள் உள்ள ஸ்ட்ரான்சியம்-89-ஐ ஊசியில் ஏத்தினா, கால்சியம் வேஷத்தில் நேரா அந்த இடத்துக்கே போய் உட்காரும். கல்பாக்கத்து சோதனை உலையில் யிட்ரியம்ங்கிற உலோகத்தை வச்சு இதை உண்டாக்கிப் பார்த்திருக்காங்க.

#19 வைகைக்கரை

சரி, கடைசிக் கேள்வி. என் பாக்கெட்டில் இருக்கிறது நிஜமாவே கேஸ் இல்லாத முருகேசன்தானா? பாக்கெட்டில் போட்டிருக்கிறதை எப்படி நம்புறது?

#20 சுடர்_டீச்சர்

தம்பி, பரிசோதனையை நீங்களே பாதி செஞ்சு வச்சிருக்கீங்க! அந்தக் காலத்து ரேடியம் வாட்ச், வெளிச்சம் காட்டாமலே எரியும், கதிர்வீச்சே அதுக்கு எண்ணெய். உங்க நட்சத்திரம் அப்படி இல்லை. ஸ்ட்ரான்சியம் அலுமினேட்டில் யூரோப்பியம், டிஸ்ப்ரோசியம்னு ரெண்டு தனிமம் துளித் துளி இருக்கும். வெளிச்சத்தில் எலக்ட்ரான் ஏறிப் பள்ளத்தில் மாட்டிக்கும், அறைச் சூட்டில் ஒவ்வொண்ணா தப்பிச்சு வந்து பச்சை ஒளி விடும். 1993-ல் ஜப்பான்காரங்க கண்டுபிடிச்சது. வாட்ச் முள்ளில் கதிரியக்கப் பூச்சு போனதே இதனாலதான்.

அஞ்சு நாளுக்கு மேல மூடின டப்பா. நடு ராத்திரி, லைட் எல்லாம் அணைச்சு, பத்து நிமிஷம் கண்ணைப் பழக்கிட்டுத் திறங்க. தானா எரிஞ்சா எனக்கு எழுதுங்க.

#21 காரை_கல்

டீச்சர் சொன்னதில் ஒரு திருத்தம். பழைய ரேடியம் வாட்ச் இருட்டா இருந்தா பாதுகாப்புன்னு யாரும் எடுத்துக்க வேணாம். அதில் ஒளிரும் பொருள்தான் தேஞ்சு போயிருக்கும், ரேடியம் அப்படியே இருக்கும். புது பாக்கெட்டுக்கு மட்டும் இந்தச் சோதனை செல்லும்.

#22 சுடர்_டீச்சர்

மிகச் சரி. ஒத்துக்கறேன். இன்னொண்ணும் இருக்கு: தூளா உதிர்ந்தா மூக்கில் போக விடாதீங்க. எந்தத் தூளுக்கும் பொருந்தும் அது.

#23 வைகைக்கரை

நேத்து ராத்திரி பதினோரு மணி. மச்சான்தான் ஏணி பிடிச்சார். டப்பாவை ரூமுக்குள்ள கொண்டு வந்து, ஜன்னலுக்குப் போர்வை மாட்டி, ஃபேன் ரெகுலேட்டர் சிவப்பு லைட்டுக்குக்கூட டேப் ஒட்டிட்டு நாலு பேரும் இருட்டில் உக்காந்தோம். பத்து நிமிஷம் கழிச்சு டேப்பைக் கிழிச்சேன்.

கும்மிருட்டு. ஒண்ணுமே தெரியலை. பையன் "அப்பா, கெட்டுப் போச்சா?"ன்னு அழற மாதிரி கேட்டான். மச்சான் எதுவும் பேசாம மொபைல் டார்ச்சை ஒரு நிமிஷம் பாக்கெட் மேல பிடிச்சு அணைச்சார். அம்பது நட்சத்திரமும் பச்சைப் பசேல்னு. அவர் முகமே தெரிஞ்சது.

இப்ப ரெண்டு பேரும் சேர்ந்து சீலிங்கில் ஒட்டிட்டு இருக்காங்க. ஒண்ணு மட்டும் ஃப்ரீசரில் இருக்கு. சூட்டில்தான் எலக்ட்ரான் தப்பிக்கும்னா குளிரில் மங்கணுமேன்னு மச்சானுக்குச் சந்தேகமாம்.